இரண்டாம் பதிப்பில் அருணாசலம்

சாப்பிட்டீங்களா தம்பி? கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. வடலூர்ல நான் ஏறினப்போ நீங்க தூங்கிட்டிருந்தீங்க. மடியில வெறும் புத்தகம்தான் இருக்கு, பொட்டலம் எதுவும் காணோம். என்கிட்ட நாலு இட்லி இருக்கு, ரெண்டு எடுத்துக்குங்க. ஓட்டல் இட்லிதான். வீட்டு இட்லி சாப்பிட்டு ஏழு மாசம் ஆவுது. அது ஒரு தனிக் கதை.

தனிக் கதை என்ன தனிக் கதை. உங்க மடியில இருக்கே, அதே கதைதான்.

முதல்ல அந்த அட்டையைக் கவுத்து வைங்க. நீலக் கோட்டு, மஞ்சள் உள்சட்டை, மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு நிக்கறான் பாருங்க. அவனைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது. நாப்பத்திரண்டு வருஷமா எரியுது. ஒரு காலத்துல அந்தப் படத்தைப் பாக்காம நான் கடைத்தெருவுக்குப் போக முடியாது. இப்ப பஸ்ஸுலயும் வந்துட்டான்.

எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க? பாதியா. அருணாசலம் வந்துட்டானா? அந்தப் பொண்ணோட புருஷன். வந்துட்டானா, சரி. எப்படி ஆளு? சும்மா சொல்லுங்க, வெளிப்படையா சொல்லுங்க. "பாவம், ஒண்ணும் தெரியாத ஆளு." ம். நல்லவேளை, மரக்கட்டைன்னு சொல்லல. முக்கால்வாசிப் பேரு அதைத்தான் சொல்லுவாங்க.

அந்த அருணாசலம் நான்தான்.

சிரிக்காதீங்க தம்பி. ஆதார் காட்டட்டுமா? என் பேரு தணிகாசலம். பேருல முன்பாதியை மாத்திட்டா யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சு எழுதியிருக்கான். நெய்வேலி டவுன்ஷிப்புல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. சுரங்கத்துல நிலக்கரி ஏத்திட்டுப் போற பெல்ட் செக்‌ஷன்ல போர்மேன் நான். கதையிலயும் பெல்ட் செக்‌ஷன் போர்மேன். எனக்கு இடது புருவத்துல தழும்பு. கதையிலயும் இடது புருவம். வலதுன்னு எழுதித் தொலைச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?

எழுதினவன் பேரு அட்டையில இருக்குல்ல, பரஞ்ஜோதி. எங்களுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். நடுவுல ஒரு செம்பருத்தி வேலி, அவ்வளவுதான். இஞ்சினியர். ஜெர்மன் மெஷின் வந்தப்போ இவனை அந்த ஊருக்கு அனுப்பி ஒண்ணரை வருஷம் பயிற்சி குடுத்தாங்க. போனவங்க எல்லாம் ரேடியோ, கேமரான்னு வாங்கிட்டு வந்தாங்க. இவன் ஒரு பழைய நாவலைத் தூக்கிட்டு வந்தான். கல்யாணம் ஆகல அவனுக்கு. கடைசிவரைக்கும் ஆகல. சாயங்காலம் எங்க வீட்டுக்குக் காப்பிக்கு வருவான். வேலிக்கு அந்தப் பக்கமே நிப்பான், "உள்ள வாய்யா"ன்னு நான் கூப்பிட்டாத்தான் வருவான். அதைச் சொல்லணும்ல. நடத்தையில ஒரு குத்தம் சொல்ல முடியாது.

அந்த ஜெர்மன் கதையை அவன்தான் எங்களுக்குச் சொன்னான். எங்க கூடத்துல உக்காந்து, என் காப்பியைக் குடிச்சுக்கிட்டே சொன்னான். ஒரு பையன் ஒரு ஊருக்கு வர்றான். ஒரு பொண்ணைப் பாக்கறான். அவளுக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆயிருக்கு. தெரிஞ்சும் விடமாட்டேங்கறான். அவளுக்குக் கல்யாணமும் ஆயிடுது, அப்பவும் விடமாட்டேங்கறான். சிநேகிதனுக்குக் கடிதம் கடிதமா எழுதித் தள்றான். கடைசியில அந்தப் புருஷன்கிட்டயே துப்பாக்கியை இரவல் வாங்கி உயிரை விட்டுடறான். கதை அவ்வளவுதான்.

நான் அப்பவே கேட்டேன். "ஏன்யா, அந்தப் புருஷன் என்ன தப்பு பண்ணினான்? பக்கத்துல இருக்கறவன் ஒரு சாமான் கேட்டான், குடுத்தான். நானா இருந்தாலும் குடுத்திருப்பேன்." பரஞ்ஜோதி சிரிச்சான். என் பொண்டாட்டி சிரிக்கல. அவ டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அவ பேரு திலகவதி. கதையில தமயந்தின்னு வருவா.

அந்தக் கதைக்கு அவங்க ஊர்ல என்ன கூத்து நடந்துச்சுன்னும் சொன்னான். இருநூறு இருநூத்தைம்பது வருஷத்துக்கு முன்னாடி. வெளிவந்த உடனே ஊருல இருக்கற இளவட்டம் பூரா நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் தெச்சுப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சானுங்களாம். டீ குடிக்கற கோப்பையில அந்தப் பொண்ணு படமாம். அந்தப் பேருல அத்தராம். ஒரு ஊர்ல அந்த உடுப்பையே போடக்கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்களாம். ஒரு சக்கரவர்த்தி ஏழு தடவை படிச்சாராம், சண்டைக்குப் போறப்பவும் எடுத்துட்டுப் போனாராம். நான் வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டிருந்தேன். இதெல்லாம் என் தலையிலயே வந்து விடியும்னு எனக்கு என்ன தெரியும்?

அதைத் தமிழ்ல கொண்டாந்தான். நேரா மொழிபெயர்த்திருந்தா ஒரு தொல்லையும் இல்ல. அந்தக் காலத்துல தழுவல்னு ஒண்ணு உண்டு தெரியுமா? ஊரு பேரு எல்லாத்தையும் நம்ம ஊராக்கி எழுதிடறது. வாயில நுழையாத பேரு இருந்தா சனங்க படிக்காதுன்னு பதிப்பகத்துல சொன்னாங்களாம். இவன் என்ன பண்ணினான், ஜெர்மனியைத் தூக்கி நெய்வேலியில வெச்சான். துப்பாக்கிக்கு எங்க போறது? அதுக்குப் பதிலா சைக்கிள். அருணாசலத்தோட சைக்கிளை இரவல் வாங்கிக்கிட்டுச் சுரங்கத்து விளிம்புக்குப் போறவன் திரும்பி வரவேயில்ல. படிச்சவங்க எல்லாம் அவனுக்காக அழுதாங்க. அந்த சைக்கிள் என்ன ஆச்சுன்னு ஒரு மனுஷன் கேக்கல தம்பி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எழுதி முடிச்சு சிதம்பரத்துல ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினான். திருப்பி அனுப்பிட்டாங்க. கதை பிடிக்காம இல்ல, கையெழுத்து புரியல. அச்சுக் கோக்கறவருக்கு ஒரு வரி விளங்கலையாம். அப்போல்லாம் தாளோட ஒரு பக்கத்துல மட்டும், முத்து முத்தா எழுதிக் குடுக்கணும். பரஞ்ஜோதி எழுத்து நம்ம டாக்டர் எழுத்து மாதிரி இருக்கும். தலையில கைவெச்சுக்கிட்டு உக்காந்துட்டான்.

யாரு வழி சொன்னது? நான்தான் சொன்னேன். "ஏன்யா கவலைப்படறே? திலகா பள்ளிக்கூடத்துல கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவ. மத்தியானம் பூரா சும்மாத்தான் இருக்கா. அவ பிரதி எடுத்துக் குடுப்பா." தாள் நானே வாங்கியாந்தேன். இங்க் புட்டி நான் வாங்கியாந்தேன். எந்தப் புருஷன் பண்ணுவான் இந்தக் காலத்துல? அந்தக் காலத்துலயே பண்ணினவன் நான். ஆறு மாசம் எழுதினா. நான் வேலை விட்டு வர்றப்போ விரலெல்லாம் மசியா இருக்கும். "முடிஞ்சுதா?"ன்னு கேப்பேன். "இன்னும் இருக்கு"ன்னு சொல்லுவா. நானும் மேல ஒண்ணும் கேக்கமாட்டேன், நமக்கு எதுக்கு அவங்க எழுத்து வேலை.

எண்பத்திரண்டுல புத்தகம் வந்துச்சு. ஆறே மாசத்துல டவுன்ஷிப்பே தலைகீழாப் போச்சு. வேகாத வெயில்ல பசங்க நீலச் சட்டை, உள்ள மஞ்சள் பனியன். மெயின் பஜார்ல டெய்லர் கடை வாசல்ல வரிசை. எல்லாவனும் கடிதம் எழுத ஆரம்பிச்சுட்டான். ஒரு பையன் விபரீதமா ஒரு காரியம் பண்ணப் போயிட்டான், நல்லவேளை யாரோ பாத்து இழுத்துட்டு வந்தாங்க. அவன் இன்னைக்குப் பேரன் பேத்தி எடுத்துட்டான், என்னைப் பாத்தா வெக்கப்பட்டுக்கிட்டே வணக்கம் வெப்பான். அன்னைக்கு அவங்கம்மா என் வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தினா. என் வாசல்ல தம்பி. எழுதினவன் பக்கத்து வீடு. நியாயத்தைச் சொல்லுங்க.

அதையும் நான் பொறுத்துக்கிட்டேன். என்னால பொறுக்க முடியாதது அறுபத்தெட்டாம் பக்கம். பழைய பதிப்புல அறுபத்தெட்டு. புதுசுல எத்தனாவது பக்கமோ. எனக்கு மனப்பாடம், சொல்றேன் கேளுங்க.

"ஊரில் எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பார் அருணாசலம். பெல்ட்டில் வேலை செய்கிறவர்களைக் கேட்பார். பால்காரரைக் கேட்பார். வாசலில் வந்து நிற்கும் நாய்க்கு வைத்தாயா என்று கேட்பார். அவளை மட்டும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காக அவள் தன் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு மூன்று மணிவரை காத்திருந்த நாட்கள் உண்டு."

இவ்வளவுதான். இதை வெச்சு என்னை என்ன பாடு படுத்தினாங்க தெரியுமா? சுரங்கத்துக்குள்ள இறங்கினா, "என்னங்க அருணாசலம், சாப்பிட்டீங்களா?" கேண்டீன்ல தட்டை நீட்டினா, "வீட்டுல கேட்டுட்டு வந்தீங்களா?" ரிட்டையர்மென்ட் விழாவுல எங்க ஆபீசர் மேடையில நின்னு மைக்குல, "நம்ம தணிகாசலத்தைச் சாப்பிட்டாச்சான்னு எல்லாரும் ஒரு வார்த்தை கேட்டு அனுப்புங்க"ன்னாரு. மண்டபமே சிரிச்சுது. என் பொண்டாட்டி முன்வரிசையில உக்காந்திருந்தா. அவ சிரிச்சாளான்னு நான் பாக்கல.

சமைக்கறவளை யாராவது சாப்பிட்டியான்னு கேப்பாங்களா தம்பி? சொல்லுங்க. அடுப்பு அவகிட்ட, பானை அவகிட்ட. பசிச்சா எடுத்துப் போட்டுச் சாப்பிடப் போறா. பெல்ட்டுல நிக்கறவனுக்கு யாரு இருக்கா, அதனால கேக்கறோம். நாய்க்கு வாய் இல்ல, அதனால கேக்கறோம். இதுல என்ன பெரிய தத்துவம் கண்டுபிடிச்சுட்டான் அவன்?

அதைவிட எனக்குப் பிடிபடாத விஷயம், அவனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்றதுதான். தட்டைக் கவுத்து வெக்கறது. மூணு மணி. எனக்கே தெரியாது அது. எங்க அடுக்களை பின்பக்கம். வேலியில நின்னு பாத்தா தெரியுமோன்னு ஒரு நாள் நானே போய் அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். சன்னல்தான் தெரியுது, உள்ள ஒண்ணும் தெரியல. ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தேன். அப்பவும் தெரியல. சந்தேகத்துக்கு இருக்கட்டும்னு வேலிக்கு மேல தகரம் அடிச்சேன். திலகா அதைப் பாத்துட்டு, "இது எதுக்கு?"ன்னா. "பாம்பு வருது"ன்னேன்.

சரி, ஜெர்மன் மூலத்துலயே இருக்குமோன்னு நினைச்சேன். டவுன்ஷிப் லைப்ரரியில அதோட இங்கிலீஷ் புத்தகம் இருந்துச்சு. அகராதியை வெச்சுக்கிட்டு நாலு மாசம் படிச்சேன். நான், பெல்ட் போர்மேன், ஷிப்ட் முடிஞ்சு வந்து. அதுல இந்த மாதிரி ஒரு வரி கிடையாது. அந்த ஜெர்மன் புருஷன் கௌரவமான ஆளு. ஆக இவனே கையில இருந்து போட்டதுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

நேரா போய்க் கேட்டேன். "ஏன்யா பரஞ்ஜோதி, என் காப்பியைக் குடிச்சுட்டு என்னைப் பத்தியே இப்படி எழுதலாமா? அந்தப் பத்தியை எடுத்துடு." அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னான். "அதை எடுக்க எனக்கு உரிமை இல்ல சார்"ன்னான். என்ன திமிர் பாருங்க. எழுதினவன் அவன். அவனுக்கு உரிமை இல்லாம பால்காரனுக்கா இருக்கு?

அப்புறம் ஒரு விஷயம் சொன்னான். ஜெர்மனியிலயும் இப்படித்தானாம். அந்தக் கதை எழுதினவருக்கு ஒரு சிநேகிதன், சிநேகிதனோட பொண்டாட்டிதான் கதையில வர்ற பொண்ணு. புத்தகம் வந்ததும் அந்தச் சிநேகிதன் என்னை மாதிரியே கொதிச்சுப்போய்க் கடிதம் எழுதினானாம், என்னை இப்படி மட்டமாக் காட்டிட்டியேன்னு. பத்துப் பதிமூணு வருஷம் கழிச்சு ரெண்டாம் பதிப்பு போட்டப்போ, அந்தப் புருஷனைக் கொஞ்சம் நல்லவனா மாத்தி எழுதினாராம். "நமக்கும் ரெண்டாம் பதிப்பு வரட்டும் சார், அப்பப் பாக்கலாம்"ன்னான் பரஞ்ஜோதி.

அன்னைக்குப் புடிச்சுக் காத்திருக்கேன். நாப்பத்திரண்டு வருஷம். முதல் பதிப்பு வித்துத் தீந்துபோச்சு, பதிப்பகத்தையே மூடிட்டாங்க, ரெண்டாம் பதிப்பைக் காணோம். பரஞ்ஜோதி மாத்தலாகிப் போனான், ரிட்டையராகிக் கோயம்புத்தூர்ல இருந்தான். போன மார்ச்சுல காலமாயிட்டான். பேப்பர்ல பாத்தேன். எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அது முடிஞ்சு நாலு மாசத்துல சென்னையில யாரோ ஒரு புதுப் பதிப்பகம் ரெண்டாம் பதிப்பு போட்டுட்டாங்க. செல்போன்ல பசங்க பழையபடி நீலச் சட்டையோட நின்னு அழுதுக்கிட்டே பேசறானுங்க. பாத்தேன்.

வாங்கலாம்தான். கடையில போய்க் கேட்டா நான்தான் அருணாசலம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அதான் வாங்கல. இப்ப நீங்க பக்கத்துல உக்காந்திருக்கீங்க. ஒரு உதவி பண்ணுங்க. அந்தப் பத்தி இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. ஓடற வண்டியில படிச்சா எனக்குத் தலை சுத்தும். தமயந்திக்கு வளைகாப்பு முடிஞ்ச உடனே வரும்.

மெதுவாத் தேடுங்க. அவசரமில்ல.

நான் எங்க போறேன்னா, பெருங்களத்தூருக்கு, மக வீட்டுக்கு. திலகா அங்கதான் இருக்கா. பேத்திக்குப் பத்தாவது பரீட்சை, கூட இருந்து பாத்துக்கறேன்னு பொங்கல் முடிஞ்சதும் போனா. பரீட்சை ஏப்ரல்ல முடிஞ்சுபோச்சு. இப்ப ஆகஸ்டு. "எப்ப வர்றே?"ன்னு கேட்டா, "வர்றேன்"ங்கறா. மகளைக் கேட்டா, "அம்மா இங்க இருக்கட்டும்பா கொஞ்ச நாள்"ங்கறா. சண்டை ஒண்ணும் இல்ல. தினம் ரெண்டு வேளை போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. ஒரு நாள் தவறமாட்டா, அதுல குறை சொல்ல முடியாது. ஆச்சுன்னு சொல்லிட்டு வெச்சுடுவேன். வேற பேச என்ன இருக்கு?

ஆனா இன்னைக்கு ஒரு முடிவோடதான் கிளம்பியிருக்கேன். பையை எடு, கிளம்பு. அவ்வளவுதான். மேல்தொட்டி கழுவணும், கறிவேப்பிலை மரம் காஞ்சுகிட்டு வருது, பாலு ஒரு பாக்கெட்டா ரெண்டு பாக்கெட்டான்னு எனக்குத் தெரியல. ஒரு மனுஷன் எத்தனை நாள் ஓட்டல்ல தின்ன முடியும்?

இந்தப் பாழாப்போன புத்தகம்தான் அவ மனசைக் கெடுத்திருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். ஆனா அவ அதைப் படிக்கறதை நான் பாத்ததே இல்ல. பிரதி எடுத்ததோட சரி. அட்டை போட்டு வந்த புத்தகத்தை அவ தொட்டதில்ல. பரஞ்ஜோதி பேச்சையும் எடுத்ததில்ல. அவனும் அப்படித்தான். இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவைதான் போன் பண்ணினான், போன டிசம்பர்ல. எங்க வீட்டுல லேண்ட்லைன் இன்னும் இருக்கு. நான்தான் எடுத்தேன். குரலே மாறிப்போச்சு அவனுக்கு, இருமல் வேற. "சாப்பிட்டியா பரஞ்ஜோதி?"ன்னு கேட்டேன். கேட்டேன் பாருங்க, அவனையே கேட்டேன். "சார், அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும், குடுக்க முடியுமா?"ன்னான். வேற ஒருத்தனா இருந்தா என்ன ஏதுன்னு குடைஞ்சிருப்பான். நான் ரிசீவரை நீட்டிட்டேன். "உனக்குத்தான்"ன்னேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

அவ காதுல வெச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம். கடைசியில "இருக்கட்டும்"னு ஒரே வார்த்தை சொன்னா. வெச்சுட்டா. என்ன கேட்டான்னேன். "ஏதோ பழைய காகிதமாம், வேணுமா வேண்டாமான்னு கேட்டாரு"ன்னா. பழைய காகிதத்துக்கு இவ்வளவு தூரத்துல இருந்து ஒரு போனான்னு நினைச்சுக்கிட்டேன்.

என்ன தம்பி? இருக்கா?

அப்படியேவா? நாய் வருதா? தட்டு? மூணு மணி?

ஒரு வார்த்தைகூட மாத்தலையா!

அப்ப அந்த ஜெர்மன்காரனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சாகப்போற காலத்துலயாவது ஒரு மனுஷன் யோசிக்கமாட்டானா, கூட இருந்த ஒருத்தனை இப்படி நிரந்தரமா நிக்க வெச்சுட்டுப் போறோமேன்னு? நான் எங்க போய் முறையிடறது? அவனும் போயிட்டான். யாருகிட்டக் கேக்கறது சொல்லுங்க!

என்ன, முன்னுரையா? அதுல என்னைப் பத்தி இருக்கா? யாரு எழுதினது, பரஞ்ஜோதியா? அவன் செத்தது மார்ச்சுல. ஓ, டிசம்பர்லயே எழுதிக் குடுத்துட்டானா. என்ன எழுதியிருக்கான்? ஏன் தம்பி, படிக்க மாட்டேங்கறீங்க? நானே படிக்கணுமா? சரி, குடுங்க. வண்டி மோட்டல்ல நிறுத்தப் போறான். நின்னதும் படிக்கறேன். கண்ணாடி மேல் பையில இருக்கு, எடுத்துக் குடுங்க.

ம். எங்க? கடைசிப் பத்தியா?

"இந்தப் பதிப்பில் எதையும் மாற்றவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அருணாசலம் யாரையெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்பார் என்று வரும் பத்தி நான் எழுதியது அல்ல. மூலத்திலும் அது இல்லை. என் கிறுக்கல்களைப் பிரதி எடுத்துத் தந்தவர் சேர்த்தது. அச்சான பிறகுதான் பார்த்தேன். இந்த நாவலில் ஒருதலைக் காதல் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டாவதை எழுதியிருந்தார். அது என் மேல் அல்ல. எடுத்துவிடலாமா என்று சென்ற வாரம் தொலைபேசியில் அவரைக் கேட்டேன். 'இருக்கட்டும்' என்றார்."

...

இல்ல தம்பி. ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம்.

நீங்க இறங்கிட்டு வாங்க, டீ சாப்பிடுங்க. நான் இங்கயே இருக்கேன்.

வந்துட்டீங்களா. எனக்கு எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க? சரி, குடுங்க.

ஒண்ணு கேக்கறேன். அது யார் மேலன்னு நினைக்கறீங்க? அந்த ரெண்டாவது. பரஞ்ஜோதி மேல இல்லன்னு அவனே எழுதிட்டான். வேற யாரு இருக்கா அந்த வீட்டுல? எனக்குப் புரியுதுதான். புரியாம இல்ல. நீங்க வாயால சொல்லுங்களேன், கேக்கறேன்.

அவ கோவத்துல எழுதியிருப்பான்னு நினைச்சேன் இப்ப படிச்சதும். கோவத்துல எழுதலையாம்ல.

ஆறு மாசம் தம்பி. விரல்ல மசியோட கதவைத் திறப்பா. நான் உள்ள வந்து தட்டு முன்னாடி உக்காந்துடுவேன். தாள் வாங்கியாந்தது நான். ரிசீவரை நீட்டினதும் நான். அவ எனக்கு முன்னாடி நின்னு "இருக்கட்டும்"ன்னா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். கேண்டீன்ல நூறு பேரு என்னை அந்தக் கேள்வி கேட்டான், மேடையில மைக்குல கேட்டான். ஒருத்தன் மேலயும் கோவப்படாம நான் வீட்டுக்குப் போய், அதையே அவகிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா தீந்துபோயிருக்கும். நான் ஸ்டூல் போட்டு வேலிக்கு மேல எட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

தகரம் அடிச்சேனே தம்பி. பாம்பு வருதுன்னு சொன்னேனே. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?

மணி என்ன ஆவுது? ரெண்டே முக்காலா. மக ஆபீஸ் போயிருப்பா, பேத்தி பள்ளிக்கூடம். இவ தனியாத்தான் இருப்பா.

கொஞ்சம் இருங்க, ஒரு போன் பண்ணிக்கறேன். நம்பர் முதல்லயே இருக்கும். அவ போன்ல என் போட்டோவே வரும், பேத்தி போட்டு வெச்சிருக்கா. நான் பண்றது அபூர்வம். பையை எடு கிளம்புன்னு சொல்லத்தான் காலையில இருந்து மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டிருந்தேன். இப்ப என்ன பேசறதுன்னு தெரியல. தெரியுது, வாய் வரணும்ல.

அடிக்குது.

ஹலோ. ம், நான்தான். மேல்மருவத்தூர் தாண்டிட்டோம். இல்ல இல்ல, வழியெல்லாம் தெரியும், மாப்பிள்ளை வர வேண்டாம். மாத்திரை போட்டாச்சு. ஆச்சு, இட்லி சாப்பிட்டேன். அதுக்குப் பண்ணல. வந்து... திலகா. வெச்சுடாதே. ஒண்ணு கேக்கணும். மணி மூணு ஆகப்போவுது. நீ சாப்பிட்டியா?

...

ஹலோ.

வெக்கல தம்பி. லைன்லதான் இருக்கா. மூச்சு விடறது கேக்குது.

என் போட்டோ அதுல வருது தம்பி. நாப்பத்தாறு வருஷமாக் கேட்ட குரல். "யாரு பேசறது?"ன்னு கேக்கறா.